வானத்தை நம்பிய விளக்கு: கரிபா அணை நமக்குச் சொல்வது

ஆப்பிரிக்கக் கண்டத்தின் தென்பகுதியில், ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய இரு நாடுகளுக்கும் எல்லையாக ஓடுவது ஜாம்பேசி ஆறு. அந்த ஆற்றை மறித்துக் கட்டப்பட்டதுதான் கரிபா அணை. அணைக்கு அருகே, ஜிம்பாப்வே பக்கத்து மேட்டுப்பகுதியில், புனித பார்பராவின் பெயரால் ஒரு சிற்றாலயம் இருக்கிறது. அணையைக் கட்ட வந்த இத்தாலியத் தொழிலாளர்கள் எழுப்பிய ஆலயம் அது. அதன் வடிவம் வட்டம். அணை வேலை நடந்தபோது ஆற்றுநீரை ஒதுக்கி நிறுத்துவதற்காக ஆற்றின் நடுவே எழுப்பப்பட்ட தற்காலிக வட்டச்சுவரை நினைவூட்டும் வகையில் அப்படிக் கட்டினார்கள். சுரங்கத் தொழிலாளர்களுக்கும் வெடி வைத்துப் பாறை உடைப்போருக்கும் பாதுகாவலி புனித பார்பரா. அணையைக் கட்டும் வேலையில் உயிரிழந்த 86 பேரின் நினைவை அந்த ஆலயம் இன்றும் சுமந்து நிற்கிறது.

அன்பு வாசகர்களே, தொலைதூரத்து ஆலயம் ஒன்றைப்பற்றி இங்கே பேசுவதற்குக் காரணம் உண்டு. ஆலயத்தின் கீழே கடல்போல் விரிந்து கிடக்கும் அந்த ஏரியை நம்பித்தான் இரண்டு நாடுகள் தங்கள் வீடுகளுக்கு விளக்கேற்றின. 2024ஆம் ஆண்டில் அந்த விளக்குகள் நாளின் பெரும்பகுதி நேரம் அணைந்து கிடந்தன. அணை உடையவில்லை, இயந்திரங்களும் பழுதாகவில்லை. மழை பெய்யவில்லை, அவ்வளவுதான். ஆனால் 'அவ்வளவுதான்' என்று சொல்லிக் கடந்துபோக முடியாதபடி, மனிதர் செய்த தவறுகளும் அதில் கலந்திருக்கின்றன. அவற்றைச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

ஆற்றிலிருந்து மின்சாரம்

நீர்மின்சாரத்தின் கணக்கு எளிமையானது. எவ்வளவு தண்ணீர் விழுகிறது, எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்னும் இரண்டையும் பெருக்கினால் எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். புகையில்லை, சாம்பலில்லை, எரிபொருள் செலவும் இல்லை. உலகம் உற்பத்தி செய்யும் மின்சாரத்தில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு இன்றும் நீரிலிருந்துதான் கிடைக்கிறது. ஏழை நாடுகள் பலவற்றுக்கு இதுவே முதல் மின்சாரம். சிலவற்றுக்கு இதுவே ஏறக்குறைய முழு மின்சாரம்.

நீர்மின் நிலையங்களில் இரண்டு வகை உண்டு. ஆறு ஓடும் வேகத்தை அப்படியே பயன்படுத்திக்கொள்வது ஒரு வகை. ஜாம்பேசியின் புகழ்பெற்ற விக்டோரியா அருவியை ஒட்டி ஜாம்பியா அமைத்துள்ள சிறிய நிலையம் இத்தகையது. ஆற்றில் நீர் குறைந்தால் அங்கே அன்றைக்கே மின்சாரமும் குறைந்துவிடும். பெரும் அணை கட்டி, மழைக்காலத்து நீரைத் தேக்கி வைத்து, ஆண்டு முழுவதும் அளந்து விடுவது இன்னொரு வகை. கரிபா இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஓராண்டு மழை பொய்த்தாலும் சென்ற ஆண்டின் சேமிப்பு கைகொடுக்கும் என்பதே இதன் பின்னுள்ள நம்பிக்கை.

அந்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. கரிபா ஏரியின் மொத்தக் கொள்ளளவு சுமார் 18,000 கோடி கன மீட்டர். மனிதர் உருவாக்கிய நீர்த்தேக்கங்களுள் கொள்ளளவில் உலகிலேயே மிகப் பெரியது இதுதான். நமக்குத் தெரிந்த அளவில் சொல்வதானால், நிரம்பிய மேட்டூர் அணைகள் ஏறத்தாழ 68 சேர்ந்தால் ஒரு கரிபா. இவ்வளவு தண்ணீர் வற்றிப்போகும் என்று யார்தான் நினைப்பார்கள்?

ஆனால் கண்ணுக்குத் தெரியும் தண்ணீர் எல்லாம் மின்சாரம் தரும் தண்ணீர் அல்ல. நீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 475.5 மீட்டருக்கும் 488.5 மீட்டருக்கும் இடையில் இருந்தால்தான் கரிபாவின் டர்பைன்கள் இயங்க முடியும். அதாவது, ஏரியின் மேலுள்ள 13 மீட்டர் நீர்தான் பயன்படும். அது சுமார் 6,480 கோடி கன மீட்டர்; மொத்த நீரில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். அதற்குக் கீழே இருப்பது மீன்களுக்கும் படகுகளுக்கும் உதவுமே தவிர, ஒரு விளக்கைக்கூட எரிய வைக்காது. கரையில் நிற்பவருக்கு ஏரி நிறைந்திருப்பதாகவே தோன்றும். மின்நிலையத்தில் இருப்பவருக்கோ அது காலியாகிவிட்டிருக்கும்.

வானம் மாறும்போது

ஜாம்பேசி ஆற்றுப் படுகையில் நவம்பர் முதல் ஏப்ரல் வரைதான் மழைக்காலம். பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தைவிட வெப்பமாகும் 'எல் நினோ' ஆண்டுகளில், தென் ஆப்பிரிக்கப் பகுதியில் பெரும்பாலும் மழை குறைகிறது. அதற்கு எதிரான 'லா நினா' ஆண்டுகளில் பெரும்பாலும் மழை மிகுகிறது. எங்கோ ஒரு கடலின் மேற்பரப்புச் சூடு, வேறொரு கண்டத்தில் ஒரு தாயின் அடுப்படி விளக்கைத் தீர்மானிக்கிறது. படைப்பு முழுவதும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

மழை பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஆற்றுநீரும் பத்தில் ஒரு பங்குதான் குறையும் என்று நாம் எண்ணக்கூடும். உண்மை அப்படியல்ல. விழும் மழையை முதலில் குடிப்பது மண்; பிறகு மரம் செடி கொடிகள்; பிறகு வெயில். இவை எல்லாம் குடித்து மிஞ்சுவதுதான் ஆற்றுக்கு வந்து சேர்கிறது. ஆகவே மழை கொஞ்சம் குறைந்தாலும் ஆறு அதைவிடப் பல மடங்கு இளைத்துவிடுகிறது. குறைந்த வருமானக் குடும்பத்தில் கூலி சற்றுக் குறைந்ததும் சேமிப்பு முதலில் மறைந்துபோவது போன்றது இது.

வந்து சேர்ந்த நீரும் அப்படியே தங்குவதில்லை. கரிபா ஏரியின் பரப்பு 5,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம். வெயில் காயும் அந்தப் பள்ளத்தாக்கில், ஆண்டுதோறும் ஒன்றரை மீட்டருக்குக் குறையாத நீர் ஆவியாகிப் போகிறது. பயன்படக்கூடிய ஆழமே 13 மீட்டர் என்னும்போது இந்த இழப்பு சிறியதல்ல. பூமியின் வெப்பம் ஏற ஏற, இந்த இழப்பும் ஏறும்.

கடந்த சில ஆண்டுகளின் வரலாறு இது. 2015-16 எல் நினோ வறட்சியின்போது, கரிபாவில் மின்உற்பத்திக்குப் பயன்படும் நீர் சுமார் 12 விழுக்காட்டுக்கு இறங்கியது. 2019ஆம் ஆண்டின் இறுதியில் அதற்கும் கீழே போனது. அதே 2019இன் மார்ச் மாதத்தில்தான் இடாய் புயல் மொசாம்பிக்கையும் ஜிம்பாப்வேயின் கிழக்கு மலைப்பகுதியையும் வெள்ளக்காடாக்கி நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டது. ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், கிழக்கே வெள்ளம். மேற்கே விக்டோரியா அருவி மெலிந்து பாறை தெரியும் நிலை. காலநிலையின் நிலையற்ற தன்மை என்பது இதுதான்.

2022 நவம்பர் இறுதியில் பயன்படு நீர் 4.6 விழுக்காடு மட்டுமே எஞ்சியது. முழுமையாக இருந்தால் 24 மேட்டூர் அணைகளுக்கு ஈடாக இருக்கவேண்டிய நீர், ஏறக்குறைய ஒரே ஒரு மேட்டூர் அணையின் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஏரியை நிர்வகிக்கும் ஜாம்பேசி ஆற்று ஆணையம், ஜிம்பாப்வே பக்கத்து மின்நிலையத்தில் உற்பத்தியை நிறுத்தும்படி கூறியது. நாளொன்றுக்கு 19 மணி நேரம் வரை மின்வெட்டை அந்நாட்டு மக்கள் சந்தித்தார்கள்.

அடுத்து வந்தது 2023-24 எல் நினோ. 2024 பிப்ரவரி 29 அன்று ஜாம்பியாவின் குடியரசுத் தலைவர் ஹிச்சிலேமா வறட்சியைத் தேசியப் பேரிடராக அறிவித்தார். ஏப்ரலில் ஜிம்பாப்வேயும் அவ்வாறே அறிவித்தது. 2024இன் பிற்பகுதியில், ஜாம்பியா பக்கத்து மின்நிலையத்தில் ஆறு டர்பைன்களில் ஒன்று மட்டுமே ஓடியது. தலைநகர் லூசாக்காவிலேயே பல பகுதிகளில் நாளுக்கு 21 மணி நேரம் வரை மின்சாரம் இல்லை.

இங்கே ஒரு செய்தியை நேர்மையோடு சொல்லவேண்டும். 2024ஆம் ஆண்டு வறட்சியை ஆராய்ந்த 'வேர்ல்டு வெதர் அட்ரிபியூஷன்' என்னும் பன்னாட்டு அறிவியலாளர் குழு, அதற்கு முதன்மைக் காரணம் எல் நினோதான் என்றும், மனிதரால் விளையும் காலநிலை மாற்றத்தின் பங்கு அதில் குறிப்பிடும்படி தெரியவில்லை என்றும் கூறியது. ஆகவே எல்லாத் துன்பத்துக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிட்டு நாம் ஓய்ந்துவிட முடியாது. வானம் எப்போதுமே ஏறியும் இறங்கியும்தான் இருந்து வந்திருக்கிறது. அந்த ஏற்ற இறக்கத்தை எதிர்கொள்ள நாம் எப்படி ஆயத்தமாயிருந்தோம் என்பதே கேள்வி.

களஞ்சியத்தின் சாவி

தொடக்கநூலில் யோசேப்பின் வரலாறு நமக்கெல்லாம் தெரிந்ததே. வளமான ஏழு ஆண்டுகளில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைத்து, பஞ்சத்தின் ஏழு ஆண்டுகளில் எகிப்தைக் காப்பாற்றினார் அவர். நைல் என்னும் ஆற்றை நம்பிய நாட்டின் கதை அது. பெரிய நீர்த்தேக்கம் ஒவ்வொன்றும் யோசேப்பின் களஞ்சியத்தைப் போன்றதுதான். ஆனால் களஞ்சியம் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. அதைத் திறக்கும் கை அளவறிந்ததாக இருக்கவேண்டும்.

கரிபாவில் நடந்தது என்ன? 2014இல் ஜாம்பியா தன் பக்கத்தில் 360 மெகாவாட் திறனுள்ள புதிய டர்பைன்களைச் சேர்த்தது. 2018இல் ஜிம்பாப்வே 300 மெகாவாட் சேர்த்தது. இரு பக்கமும் சேர்ந்து நிறுவுதிறன் 1,470 மெகாவாட்டிலிருந்து 2,130 மெகாவாட்டாக உயர்ந்தது. மாலையில் தேவை உச்சத்தைத் தொடும் சில மணி நேரங்களுக்கு இது உதவும் என்பது உண்மையே. ஆனால் ஆற்றில் வரும் நீர் ஒரு சொட்டும் கூடவில்லை. பானை அதே பானை; குழாய்கள் மட்டும் கூடின. தேவை நெருக்கும்போது குழாயைத் திறந்து வைக்கத்தான் யாருக்கும் தோன்றும்.

ஆணையம் ஆண்டுதோறும் இரு நாடுகளுக்கும் இவ்வளவு தண்ணீர் என்று அளந்து ஒதுக்குகிறது. 2022ஆம் ஆண்டுக்கு இரு நாடுகளுக்குமாக 4,500 கோடி கன மீட்டர் ஒதுக்கப்பட்டது. நவம்பரில் உற்பத்தியை நிறுத்தச் சொன்னபோது, ஜிம்பாப்வே மின்நிலையம் தன் பங்கைக் கடந்துவிட்டிருந்தது. வேறு மின்நிலையங்கள் பழுதுபட்டுக் கிடக்க, மக்களின் தேவையோ காத்திருக்காமல் நெருக்க, அளவை மீறிச் செலவழித்தார்கள். 2024இல் இரு நாடுகளுக்கும் சேர்த்து 1,600 கோடி கன மீட்டராக ஒதுக்கீடு சுருங்கியது. இரண்டே ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. 2025இல் மழை ஓரளவு நன்றாகப் பெய்தது. ஆனாலும் ஏரி ஒரே பருவத்தில் நிறைந்துவிடவில்லை. பல ஆண்டுக் கடனை ஒரு மாதச் சம்பளத்தில் அடைத்துவிட முடியுமா?

இன்னொரு பிழையும் உண்டு. ஜாம்பியாவின் மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் நீரிலிருந்தே கிடைத்து வந்தது. கரிபா போகக் காஃபுயே என்னும் ஆற்றிலும் அந்நாட்டுக்குப் பெரிய அணைகள் இருக்கின்றன. ஆனால் காஃபுயே ஜாம்பேசியின் துணையாறு. ஒரே வானத்தின் கீழ் ஓடுவது. ஒரே ஊற்றை நம்பி நான்கு கிணறு தோண்டிய கதைதான் இது. ஊற்று வற்றினால் நான்கும் வற்றும். கரிபாவுக்கு மேலே பட்டோகா என்னும் ஆழ்பள்ளத்தாக்கில் 2,400 மெகாவாட் அணை ஒன்றைக் கட்டும் திட்டம் பல்லாண்டுகளாகப் பேசப்பட்டு வருகிறது. அதுவும் இதே ஆற்றில்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

நீர் மிகுந்தாலும் சிக்கல்தான். அணை கட்டப்பட்டுக்கொண்டிருந்த 1957, 1958 ஆகிய இரு ஆண்டுகளிலும் அடுத்தடுத்துப் பெருவெள்ளம் வந்தது. இரண்டாவது வெள்ளம் முதலாவதை விஞ்சியது. நான்கு வெள்ளநீர் மதகுகள் போதும் என்று வரைந்திருந்த பொறியாளர்கள், அந்த வெள்ளங்களுக்குப்பின் ஆறு மதகுகள் அமைத்தார்கள். அணைக்கு அடியில் விழுந்த வெள்ளநீர், காலப்போக்கில் ஆற்றுப்படுகையை 80 மீட்டருக்கும் ஆழமாக அரித்துவிட்டது. அணையின் அடித்தளத்துக்கே ஆபத்து நேராதபடி அதைச் சீரமைக்க, சுமார் 29 கோடி டாலர் செலவிலான திட்டத்துக்கு 2014இல் உடன்பாடு காணவேண்டியிருந்தது. நேற்றைய மழையின் கணக்கை வைத்து நாளைய அணையைக் கட்டினால், வறட்சியும் சோதிக்கும், வெள்ளமும் சோதிக்கும்.

இருள் யார் வீட்டில்?

மழை பொய்த்தால் வயலும் காய்கிறது, மின்சாரமும் நிற்கிறது. நீர்மின்சாரத்தை மட்டுமே நம்பிய நாட்டில் இந்த இரண்டு அடிகளும் ஒரே நேரத்தில், ஒரே குடும்பத்தின்மேல் விழுகின்றன. 2024இல் ஜாம்பியாவில் பயிரிடப்பட்ட 22 இலட்சம் ஹெக்டேர் மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 10 இலட்சம் ஹெக்டேர் அழிந்தது. மக்காச்சோள மாவில் கிண்டும் களிதான் அம்மக்களின் அன்றாட உணவு. விளைந்த கொஞ்சத்தை அரைக்கவும் மாவு மில்லுக்கு மின்சாரம் வேண்டும். வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், முடிதிருத்துபவர், குளிர்பெட்டியில் மீன் வைத்து விற்கும் பெண் என, நாளைய சோற்றுக்கு இன்றைய மின்சாரத்தை நம்பியவர்கள் எத்தனையோ பேர். நள்ளிரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் வந்தால், அந்த நேரத்தில் எழுந்து வேலை செய்யவேண்டிய நிலை.

வசதியுள்ளவர்கள் ஜெனரேட்டர் வாங்கினார்கள்; கூரையில் சூரியத் தகடு பதித்தார்கள். இல்லாதவர்கள் அடுப்புக்கரியை நாடினார்கள். மின் அடுப்பு வைத்திருந்த நகரத்துக் குடும்பங்களும் கரி மூட்டைக்குத் திரும்பின. லூசாக்காவில் இயேசு சபையினரின் இறையியல் சிந்தனை மையம், ஒரு குடும்பம் வாழ எவ்வளவு பணம் தேவை என்பதைப் பல்லாண்டுகளாக மாதந்தோறும் கணக்கிட்டு வெளியிட்டு வருகிறது. மாவு, எண்ணெய், வாடகை ஆகியவற்றோடு கரி மூட்டையும் அந்தக் கணக்கில் இடம்பெறுகிறது. கரிக்காகக் காடு வெட்டப்படுகிறது. காடு குறைந்தால் மண் நீரைப் பிடித்து வைக்கும் ஆற்றல் குறைகிறது. அரித்த மண் ஆற்றில் சேர்கிறது. ஆறு கெட்டதால் காடு அழிகிறது. காடு அழிவதால் ஆறு மேலும் கெடுகிறது.

அரசுகளும் இதே போன்றதொரு சுழலில் சிக்குகின்றன. நீர் கைவிட்டபோது ஜிம்பாப்வே நிலக்கரியின் பக்கம் சாய்ந்தது. 2023இல் ஹுவாங்கே என்னுமிடத்தில் 600 மெகாவாட் அனல்மின் அலகுகள் புதிதாக இயங்கத் தொடங்கின. புகையில்லாத மின்சாரம் தவறியதால் புகையுள்ள மின்சாரம் பெருகியது. வெப்பத்தைக் கூட்டுவதில் மிகக் குறைந்த பங்குள்ள நாடுகள், அதன் விளைவுகளை எதிர்கொள்ள வழியின்றி அதே பாதைக்குத் தள்ளப்படுவது எவ்வளவு பெரிய அநீதி!

இந்தக் கதையில் முதலில் சொல்லியிருக்கவேண்டிய மக்களைக் கடைசியில் சொல்கிறோம். அவர்களுக்கு நேர்ந்ததும் அதுதான். இன்று ஏரி இருக்கும் இடத்தில் தோங்கா இன மக்கள் வாழ்ந்தார்கள். வெள்ளம் வடிந்த ஆற்றங்கரையில், ஈரம் காயுமுன் விதைத்து, மழையில்லாத காலத்திலும் அறுவடை செய்யத் தெரிந்தவர்கள். ஆற்றின் ஏற்ற இறக்கத்தோடு எப்படி வாழ்வது என்பதை நூல்களில் படிக்காமல் அறிந்தவர்கள். அணைக்காக இரு கரையிலும் சுமார் 57,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 1958 செப்டம்பரில், போக மறுத்த மக்கள்மீது காவல்துறை சுட்டதில் எட்டுப் பேர் இறந்தார்கள். வறண்ட மேட்டு நிலங்களில் அவர்கள் குடியேற்றப்பட்டார்கள். கரிபாவின் மின்சாரம் செம்புச் சுரங்கங்களுக்கும் நகரங்களுக்கும் போனது. அவர்கள் தலைக்கு மேலே கம்பிகளில் போனது. பல தோங்கா ஊர்கள் பல பத்தாண்டுகள் மின்விளக்கைக் காணவே இல்லை. 1960 மே மாதம் இங்கிலாந்தின் ராணித்தாய் வந்து அணையைத் திறந்து வைத்தபோது, விலை கொடுத்தவர்கள் யார், பயன் பெற்றவர்கள் யார் என்று எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

கரிபா மட்டும் அல்ல

இது ஆப்பிரிக்காவின் கதை மட்டும் என்று ஒதுக்கிவிட வேண்டாம். மின்சாரத்தில் ஐந்தில் நான்கு பங்கை நீரிலிருந்து பெறும் சீனாவின் சிச்சுவான் மாநிலத்தில், 2022 ஆகஸ்டில் ஆறுகள் வற்றியதால் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. தென் அமெரிக்காவின் எக்குவடோர் நாட்டில் 2024 அக்டோபரில் நாளுக்கு 14 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அங்கும் காரணம் வறட்சிதான்.

கரிபாவை வாட்டிய அதே எல் நினோ நம்மையும் தொட்டது. 2023 ஆகஸ்ட், 1901ஆம் ஆண்டுக்குப்பின் இந்தியா கண்ட மிக வறண்ட ஆகஸ்ட் மாதம். அந்த ஆண்டு காவிரியில் நீர் குறைந்து, டெல்டாவில் குறுவைப் பயிர் வாடியதை நாம் மறந்திருக்க முடியாது. மேட்டூரில் பாசனத்துக்குத் திறக்கும் நீர்தான் போகிற வழியில் மின்சாரமும் தருகிறது. பயிருக்குத் தண்ணீர் இல்லையென்றால் அங்கே மின்சாரமும் இல்லை. நமக்கு அனல், அணு, காற்று, சூரியன் என்று வேறு வழிகள் இருப்பதால் இருள் நம் வீட்டுக்குள் வரவில்லை. ஜாம்பியாவின் ஏழைக்கு அந்த வாய்ப்பு இல்லாமல் போனது.

என்ன செய்யலாம்?

அணைகளே வேண்டாம் என்று சொல்வது எளிது. ஆனால் அது சரியான பாடமல்ல. கரிபா இல்லாதிருந்தால் அந்நாடுகள் இன்னும் அதிக நிலக்கரியை எரித்திருக்கும். நீர்மின்சாரத்தைக் கைவிடுவதல்ல, அதன்மேல் சுமத்திய பாரத்தைக் குறைப்பதே வழி. பகலில் சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுத்தால், அந்த நேரத்தில் ஏரியின் மதகைச் சற்று மூடி வைக்கலாம். பகலில் மிச்சமான நீர் இரவில் விளக்கெரிக்கும். வெயில் நீரைக் குடித்துவிடுகிறது என்று சொன்னோம். அதே வெயிலைக் கொண்டே நீரைச் சேமிக்கவும் முடியும். ஜாம்பியா இந்த வழியில் நடக்கத் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூனில் சிசாம்பா என்னுமிடத்தில் 100 மெகாவாட் சூரிய மின்நிலையம் திறக்கப்பட்டது. கரிபாவின் குறைவை ஈடுகட்ட இது போதாது. ஆனாலும் நல்ல தொடக்கம்.

நல்ல ஆண்டுகளில் மிச்சம் பிடிக்கும் துணிவு ஆட்சியாளருக்கு வேண்டும். ஏரி நிறைந்திருக்கும்போது 'குறைவாகப் பயன்படுத்துவோம்' என்று சொல்பவருக்கு யாரும் மாலை போட மாட்டார்கள். தேர்தலில் வாக்கும் கிடைக்காது. ஆனாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும். யோசேப்புக்குப் பஞ்சம் வரும் என்பது கனவின் வழியாகத் தெரிந்தது. நமக்கோ எல் நினோ வரப்போகிறது என்பதை அறிவியல் பல மாதங்களுக்கு முன்பே சொல்லிவிடுகிறது. தெரிந்தும் களஞ்சியத்தைத் திறந்து வைத்தால் குற்றம் வானத்துடையது அல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக, குறையும்போது யாருக்கு முதலில் குறைக்கிறோம் என்பதில் நீதி இருக்கவேண்டும். மருத்துவமனைக்கும், குடிநீர் நிலையத்துக்கும், மாவு மில்லுக்கும், அன்றாடம் உழைத்து உண்பவரின் பட்டறைக்கும் முதலிடம் தருகிறதா நம் பட்டியல்? அல்லது யாருடைய குரல் உரக்கக் கேட்கிறதோ அவருக்கா? மின்வெட்டு அட்டவணை என்பது வெறும் அலுவலகக் காகிதம் அல்ல. ஒரு சமுதாயம் யாரை மதிக்கிறது என்பதை அதில் படித்துவிடலாம்.

அன்பர்களே, கரிபா மேட்டின் புனித பார்பரா ஆலயம், வேலையில் இறந்த 86 பேரை மறவாமல் நினைவுகூர்கிறது. ஊரை இழந்த 57,000 பேருக்கும், கரி மூட்டை வாங்கக் காசில்லாமல் இருட்டில் அமர்ந்திருந்த தாய்மாருக்கும் அத்தகைய நினைவிடம் இல்லை. இன்று மாலை நம் வீட்டில் பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரியும். அந்த ஒளிக்குப் பின்னால் எங்கோ ஓர் ஆறு இருக்கலாம். அந்த ஆற்றுக்குப் பின்னால் ஒரு மழை, ஒரு காடு, இடம்பெயர்ந்த ஒரு ஊர் இருக்கலாம். அதை நினைத்துப் பார்ப்பவர், தேவையில்லாமல் எரியும் இன்னொரு விளக்கை அணைக்கத் தயங்கமாட்டார்.